துப்பாக்கி இருக்கும் வீட்டில் யார் யார்

துப்பாக்கி வைத்திருப்பவரின் மனநிலை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலைகளில் ஒன்று. மனநல மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது இப்படி ஒரு வேலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். விழுப்புரம் பக்கத்தில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். இருக்கிறது. வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தாரிடம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை உள்ள ஊர்களில், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைக் காக்கவென்று அப்பா காலத்தில் உரிமம் வாங்கிய குடும்பங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. அந்த உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சான்று வேண்டும். உடம்புக்கு வேறொருவர் கையெழுத்துப் போடுவார். மனசுக்கு நான்.

எனக்குப் பொறுமை குறைவு. நோயாளிகள் வரிசை வராந்தா வரை நீளும்போது, நோயே இல்லாத ஒருவர் சலவைச் சட்டையோடு நடுவில் நுழைந்து "ஒரு சைன்தான் மேடம்" என்று சொன்னால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்காகவே அவரைக் கொஞ்சம் காக்க வைத்து, கேள்விகளையும் அதிகமாகக் கேட்பேன். தூக்கம், கோபம், குடி, பங்காளித் தகராறு, சாகத் தோன்றியது உண்டா, யாராவது தனக்கு எதிராகச் சதி செய்வதாக எண்ணம் உண்டா. குடிக்கிறவரை வாசனையிலேயே பிடித்துவிடுவேன். பங்காளி பேச்சை எடுத்ததும் முகம் சுண்டிப்போகிறவரை இன்னும் கால் மணி நேரம் உட்கார வைப்பேன். இரண்டு பேருக்கு முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன் என்ற பெருமை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் ஒரு விவசாயி வந்தார். நாற்பது வயது இருக்கும். மற்றவர்களைப் போல நடுவில் நுழையவில்லை. வரிசையிலேயே நின்று, முறை வந்ததும் படிவத்தை நீட்டினார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"துப்பாக்கி எதுக்குங்க?" என்றேன்.

"பன்னிக்குங்க மேடம். மல்லாட்டை காய் புடிக்கிற நேரத்துல கூட்டமா வந்து தோண்டிப் போட்டுட்டுப் போயிடுது. சுடறதில்லீங்க, சுடவும் கூடாது. மேல பாத்து ஒரு சத்தம் காட்டினா ஓடிப்போயிடும்."

"கோவம் வருமா?"

"வரும்ங்க. பன்னி மேலதான்."

சிரித்துவிட்டேன். குடி கிடையாது, கோர்ட்டு வாய்தா கிடையாது, பேச்சு நிதானம், கண் நேருக்கு நேர். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன், எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது. முத்திரை குத்திக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று பார்த்தவர்களிலேயே தெளிவான மனிதர் என்று பக்கத்திலிருந்த செவிலியரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

வாரத்தில் புதன்கிழமை மட்டும் நான் திண்டிவனத்தில் உட்காருவேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விழுப்புரத்துக்காரர்கள் மனசுக்கு வைத்தியம் பார்க்கத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறுவார்கள். திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரத்துக்கு வருவார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டு ஊரிலும் உட்கார்ந்திருப்பது ஒரே டாக்டர்தான் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தால் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நானும் பூக்கடையைப் பார்ப்பேன். நல்லது கெட்டதில் கலந்துகொள்வதைப் போல அதுவும் ஒரு மரியாதை.

அப்படி வருகிறவர்களில் ஒரு பெண். முப்பத்திரண்டு வயது. அவளுக்குப் பிறந்த வீடு மயிலம் பக்கம், அக்காவைக் கட்டிக்கொடுத்தது திண்டிவனத்தில், அவளைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில். பெண் குழந்தை பிறந்து, அம்மா வீட்டில் இருந்தபோது நோய் வந்தது. காதில் ஒரு குரல். நீ இருந்து என்ன பண்ணப் போற, நீ போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அந்தக் குரலின் பேச்சைக் கேட்டுப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். பிழைத்தது பெரிய விஷயம். அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள். மாத்திரையில் நன்றாகத் தேறினாள். குரல் முழுதாகப் போகவில்லை, ஆனால் தூரத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் புருஷன் வீட்டுக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற உடம்பில் விஷக் காய்ச்சல் என்று அப்போது சொன்னார்கள். பிறகு தைராய்டு என்று சொன்னார்கள். தைராய்டுக்கு அக்கா வீட்டுப் பக்கத்தில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்லி மாதம் ஒருமுறை அக்கா அழைத்து வருவாள். புருஷனிடம் சொல்லிவிடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "தெரிஞ்சா அம்மா வூட்ல இட்டாந்து உட்டுட்டுப் போயிடுவாங்க டாக்டரம்மா. கொழந்தையையும் வெச்சிக்குவாங்க." எனக்கும் அந்தப் பயத்தை மறுத்துப் பேச வாய் வரவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டேன். நான்கு வருடம் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்து வந்த புதன்கிழமை அவள் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூக்கம் எப்படி என்றேன்.

"பத்து நாளா வரலீங்க. எலெக்சன் அப்ப நல்லாத் தூங்கினேன்."

"எலெக்‌ஷனுக்கும் உன் தூக்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" கிண்டலாகத்தான் கேட்டேன்.

"எலெக்சனுக்குன்னு துப்பாக்கிய ஸ்டேசன்ல வாங்கி வெச்சிக்கினாங்க. அது வூட்ல இல்லாதப்ப நிம்மதியா இருந்துச்சு. எலெக்சன் முடிஞ்சி கேட்டா, லைசென்சு முடிஞ்சி போச்சு, ரெனீவல் பண்ணிக்கினு வான்னுட்டாங்க. இவரும் பத்து நாளா அலைஞ்சிக்கினு இருந்தாரு. இப்ப டாக்டர் சர்ட்டிபிகேட்டுலாம் வாங்கிட்டாராம். வெள்ளிக்கிழம எடுத்துக்கினு வந்துடுவேன்னாரு."

தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒப்படைத்ததில் ஒருத்திக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவளுடைய சீட்டில் அக்கா வீட்டு விலாசம்தான் இருந்தது. புகுந்த ஊர் எது என்று கேட்டேன். சொன்னாள். புருஷனின் அடையாளம் கேட்டேன். அதையும் சொன்னாள். பன்றி மேல்தான் கோபம் என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமை அந்தத் துப்பாக்கி அவள் இருக்கும் வீட்டுக்குள் வரப்போவது என் கையெழுத்தால்.

அக்காவை வெளியே இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அந்தக் குரல் துப்பாக்கியப் பத்திப் பேசுதா?"

தலையாட்டினாள். "மின்னாடி எப்பவாவது பேசும். இப்ப ரொம்பப் பேசுதுங்க. துப்பாக்கிப் பெட்டிச் சாவி எங்க இருக்குதுன்னு ஒனக்குத்தான் தெரியுமேன்னு சொல்லுது."

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"கழனிக்குப் போயி களை புடுங்க ஆரம்பிச்சிடுவேன். நெலம் பூரா புடுங்கிட்டேன். இப்ப களையே இல்ல."

அவளை யாரும் பார்த்திருந்தால் எவ்வளவு சுறுசுறுப்பான மருமகள் என்று சொல்லியிருப்பார்கள். இவ்வளவு நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கொஞ்சம் குரல் உயர்த்தியே கேட்டேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

அவள் பயப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "நீங்க பூச்சிமருந்துதாங்க கேப்பீங்க. ஒவ்வொரு தடவையும் கேப்பீங்க. வூட்ல இல்லன்னு சொல்வேன். நெசமாவே இல்ல. அவுரு கொட்டாயில வெச்சிப் பூட்டிடுவாரு."

உண்மை. எங்கள் பக்கத்தில் சாக நினைப்பவர்கள் கையில் கிடைப்பது பூச்சிமருந்து. அதனால் அதை மட்டும் கேட்கப் பழகியிருந்தேன். துப்பாக்கியைப் பற்றி விழுப்புரத்தில், திடமான ஆண்களிடம் கேட்பேன். பூச்சிமருந்தைப் பற்றித் திண்டிவனத்தில், துவண்டுபோன பெண்களிடம் கேட்பேன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மனநோய் உள்ளவர் கையில் துப்பாக்கி என்றாலே ஊரைச் சுட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் ஊரை ஒன்றும் செய்வதில்லை. ஆபத்து அவர்களுக்குத்தான், அதுவும் அந்த ஒரு கெட்ட வாரத்தில்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, கேட்கவில்லையே.

அப்போது எனக்கு ஒரு கெட்டிக்கார யோசனை வந்தது. என் சான்றிதழை நானே திரும்பப் பெறலாம். மறுபரிசீலனையில் மனுதாரருக்கு மனநிலை தொடர்பான சந்தேகம் எழுந்துள்ளது என்று உரிமம் தரும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். உரிமம் நின்றுவிடும். அவள் ரகசியம் காப்பாற்றப்படும். காகிதத்தை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டேன். எழுதிக்கொண்டே அவளிடம் சொன்னேன். "நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

"இன்னா எழுதறீங்க?"

சொன்னேன். அவள் மேசை மேல் சாய்ந்து, காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அவுருக்கு மனசு சரியில்லன்னா எழுதப் போறீங்க?"

"துப்பாக்கிக்காக மட்டும்தாம்மா. வேற எதுக்கும் யாரும் பாக்க மாட்டாங்க."

"வேணாம் டாக்டரம்மா. ஊர்ல தெரிஞ்சா அவுரப் பாத்துச் சிரிப்பாங்க. அவுருக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான். எனக்குன்னு எழுதுங்க."

வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடமாக மனநோய் ஓர் அவமானம் அல்ல என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதே நான், என் தப்பை மறைப்பதற்காக நல்ல மனிதர் ஒருவர் மேல் அந்தப் பெயரை ஒட்டவைக்கப் பார்த்தேன். அவள் நான்கு வருடமாகப் பயந்து பயந்து மறைத்ததை, புருஷன் மேல் பழி வரக் கூடாது என்பதற்காக ஒரே நிமிடத்தில் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் அவள் சம்மதம் இல்லாமலேயே நான் புருஷனிடம் சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது தேவைப்படவில்லை. நானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றாள். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தேன். அவரிடம் சொல்லும்வரை கிராமத்துக்குப் போகாமல் அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும், தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். அக்கா அழுதாள், தங்கையைத் திட்டினாள், பிறகு தங்கையின் புருஷனுக்கு அவளே போன் போட்டாள். மறுநாள் வியாழக்கிழமை. என் வழக்கத்தில் இல்லாத நாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழப்பத்தோடு வணக்கம் சொன்னார். தைராய்டு டாக்டரைப் பார்க்க வந்தவர், துப்பாக்கி டாக்டரைக் கண்டால் குழம்பாமல் என்ன செய்வார். உள்ளே உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தைராய்டு இல்லீங்க. காதுல யாரோ பேசற மாதிரி வருது. செத்துப்போன்னு சொல்லுது. அதுக்குத்தான் மாத்திர. துப்பாக்கிய எடுத்துக்கினு வராதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். இதோ எழுந்து போய்விடப் போகிறார், இத்தனை வருடம் அவர்கள் பயந்தது நடக்கப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

"நாலு வருசமா?" என்றார் கடைசியில். "நாலு வருசமா எங்கிட்டப் பொய் சொல்லிக்கினு இருந்தீங்களா?" கேட்டது அக்காவை. நான் பேசினேன். நோயைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, இது யாருடைய தப்பும் இல்லை என்பதைப் பற்றி வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"மேடம், எங்கிட்ட அவ்ளோ கேட்டீங்களே. கோவம் வருமா, தூக்கம் வருதா, எல்லாம் கேட்டீங்க. வூட்ல யாருக்கு எப்பிடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"உங்களுக்குத்தான் தெரியாதேங்க. என்ன சொல்லியிருப்பீங்க?"

"எங்க வூட்ல பத்து நாளாத் தூங்காம உக்காந்துக்கினு இருக்குது, சோறு எறங்கல, இல்லாத களைய வெயில்ல தேடிக்கினு இருக்குது, இதுக்கு இன்னா பண்றதுன்னு ஒங்களையே கேட்டிருப்பேன். யாரக் கேக்கறதுன்னு தெரியாமதான சுத்திக்கினு இருந்தேன்."

என் வேலையில் இதைவிடப் பலமான அடி வாங்கியதில்லை. அவர் திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இருந்ததைச் சொன்னார். மன்னிச்சிக்குங்க என்றேன். அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அவள் பக்கம் திரும்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். கீழே போய் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போய், துப்பாக்கி வேண்டாம், உரிமத்தை ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் அலைந்துவிட்டு இப்போது வேண்டாமா என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். காரணம் எழுதச் சொன்னார்களாம். 'தேவை இல்லை' என்று எழுதினாராம். அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. மருந்தை ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வாரம் விழுப்புரத்தில் என் வார்டிலேயே படுக்க வைத்தேன். அவர் கூடவே இருந்தார். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றேன். தெரியட்டும் என்றார்.

இப்போது சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யாருக்காவது உடம்போ மனசோ சரியில்லையா என்று கேட்கிறேன். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓரத்தில் எழுதுகிறேன். ஓரத்தில் எழுதக் கூடாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கம் எழுதி மறுபடி அனுப்பினேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். ஒருவர், நான் துப்பாக்கிக்கு வந்தேனா ரேஷன் கார்டுக்கு வந்தேனா என்று கேட்டார். உட்காருங்கள், இரண்டுக்கும் என்று சொன்னேன். திண்டிவனத்தில் பூச்சிமருந்தோடு சேர்த்துத் துப்பாக்கியையும் கேட்கிறேன். பெரும்பாலும் விழிக்கிறார்கள். பரவாயில்லை.

இந்தத் தடவை மல்லாட்டை பிடுங்கி முடித்ததும் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது. குரல் இருக்கிறதா என்றேன்.

"எப்பவாவது வருதுங்க. வந்தா இவர்கிட்ட சொல்லிடுவேன். கையில இருக்கிற வேலையப் போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்குவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு."

விளைச்சல் எப்படி என்று அவரைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"பாதிய பன்னி துன்னுடுச்சிங்க. வெடி போட்டுப் பாத்தோம், தகரத்தத் தட்டிப் பாத்தோம். ஒரே பேஜாராப் போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னால்தான் என்று நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் சொல்வதைப் போல அவளுக்குச் சொன்னார்.

"பன்னி வர்ற அந்த நெலத்துல சவுக்கு வெச்சிடலாம்னு இருக்கேன் மேடம். அதப் பன்னி தொடாது. ஆனா வெட்டறதுக்கு நாலு வருசம் ஆவும்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நாலு வருசம்டி. இருப்பல்ல?"

அந்தக் கேள்வியை நான் பல விதமாக ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். சாகத் தோன்றுகிறதா, எத்தனை தடவை, திட்டம் ஏதாவது உண்டா என்று. இப்படிக் கேட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு, உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். அவரும் அவசரப்படுத்தவில்லை.

"இருக்கறேன்" என்றாள்.